தெரு முழுக்க ஒரே வகுறு

சிரிக்காதீக மதினி. சிரிச்சுக்கிட்டே நெஞ்ச வேற தடவிக்கிறீக பாருங்க, அதுதான் எனக்கு வேடிக்கையா இருக்கு. தின்ன கை இன்னும் காயல, அதுக்குள்ள புளிப்புத் தண்ணி தொண்டைக்கு ஏறுதுன்னு ரெண்டு தரம் எந்திரிச்சு நடந்தாச்சு. இதுல ஒருத்தன் தின்னா இன்னொருத்திக்கு எப்படி வகுறு ஊதும்னு என்கிட்ட நியாயம் கேக்குறீக. என் மகனுக்குப் பொண்ணு குடுத்தவுக, நேத்துத்தான் திண்டுக்கல்லுல இருந்து வந்து இறங்குனவுக, மனசு நோகப் பேசிறக் கூடாதேன்னு பாக்கேன். ஆனா ராஜக்கனியக்கா விசயத்துல மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன். ஊதுச்சு. இந்தக் கையால தொட்டுப் பாத்தேன். தட்டுனா தவிலு மாதிரிச் சத்தம் வந்துச்சு.

யாரு ராஜக்கனியா? அதத் தெரிஞ்சுக்காமலே பொய்யின்னு சொல்லிட்டீகளே!

இந்தப் பருப்பு மில்லுத் தெருவுல பெறந்த புள்ளைகளையெல்லாம் குளிப்பாட்டுனது அவுகதான். விருதுநகர்ல எந்தத் தெருவுக்கு வேணாலும் போயிக் கேளுங்க, அவுக கை பட்ட புள்ளைக்கு சளி அண்டாதும்பாக. பலகையப் போட்டு உக்காந்து, சேலைய முழங்காலுக்கு மேல ஏத்திச் சொருகி, ரெண்டு காலையும் ஒட்ட நீட்டி, அதுல புள்ளையக் குப்புறப் போட்டாகன்னா, அது ஏதோ தன் சொந்தக் கட்டில்ல படுத்த மாதிரி கம்முனு கெடக்கும். எண்ணெயத் தேச்சு, வெந்நீர ஊத்தி, மூக்க நீவி, மண்டைய உருட்டி, கடைசியா மல்லாக்கத் திருப்பி தொப்புளச் சுத்தி உள்ளங்கையால வட்டம் வட்டமாத் தடவிக்கிட்டே ஒண்ணு சொல்லுவாக: "ஓ வகுத்துப் பொருமலு எனக்கு வரட்டும், ஓ வகுத்து நோவு எனக்கு வரட்டும், நீ தின்னது ஒனக்கு ஒடம்பா ஒட்டட்டும், மிச்சமெல்லாம் எனக்கு வரட்டும்." புள்ள டர்ருன்னு ஒண்ண விட்டுட்டுச் சிரிக்கும்.

நம்மளும் சொல்றதுதான மதினி? ஓ நோவு எனக்கு வரட்டும்னு புள்ள கன்னத்த வழிச்சு நெட்டி முறிக்காத பொம்பள யாரு? நமக்கு வரல. அவுகளுக்கு வந்துச்சு. அம்புட்டுதான். ஏன் வந்துச்சு, அம்புட்டு வருசம் சும்மா இருந்துட்டு அந்த வருசம் ஏன் வந்துச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. மாரியம்மன் கோயில்ல நேர்ந்தது ஏதோ பாக்கின்னு ஒருத்தி சொன்னா, மில்லுல புதுசா மிசினு வச்சதுதான்னு இன்னொருத்தி சொன்னா. வந்துருச்சு, இனி என்ன செய்யன்னுதான் நாங்க யோசிச்சோம்.

மொதல்ல என் கொழுந்தன் சவுந்தரராசு கல்யாணத்துலதான் வெளிச்சத்துக்கு வந்துச்சு. அவனப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். மில்லுல மூட்டை எடை போடுறவன். அவன் விடுற ஏப்பம் மிசினு சத்தத்தையும் மீறிக் கேக்கும். எண்ணெ புரோட்டான்னா உசுரு. பொழுது சாஞ்சா ஒரு அடுக்கு புரோட்டாவ சால்னாவுல முக்கித் தின்னுட்டு, நெஞ்சு எரியுதுன்னு பால்ச்சாமி கடையில கோலிச் சோடா ஒடைச்சாத்தான் அவனுக்குப் படுக்கை. கல்யாணத்தன்னைக்கு பந்தியில உளுந்த வடையா உள்ள தள்ளிட்டு, பாயசத்த வாளியோட வாங்கிக் குடிச்சுட்டு, பொண்ணு பக்கத்துல வந்து உக்காந்தான். நான் மனசுக்குள்ள மாரியாத்தாளக் கும்புடுறேன், ஆத்தா, தாலி கட்டி முடிச்ச ஒடனேயே இவன் ஏப்பம் விட்டு அந்தப் புள்ள எந்திரிச்சு ஓடிரக் கூடாதேன்னு. ஒண்ணும் வரல! பச்சப்புள்ள பாலு குடிச்ச கணக்கா தெளிஞ்ச முகத்தோட உக்காந்துருக்கான். அந்தப் பந்தியில சாப்புட்ட எங்க தெரு எளவட்டம் ஒருத்தனுக்கும் ஒண்ணுமில்ல. சமையக்காரர் சாம்பார்ல பெருங்காயத்த அள்ளிப் போட்டுட்டாருன்னு ஆளாளுக்கு அவரப் புகழ்றாக.

அன்னைக்கு வெள்ளிக்கெழம. ராஜக்கனியக்கா விரதம், கல்யாணத்துக்கே வரல. சாயங்காலம் தாம்பூலத்தக் குடுப்போம்னு வீட்டுக்குப் போறேன், சுவத்துல சாஞ்சு உக்காந்துருக்காக, வகுறு சாக்குல பருப்பு நெரப்புன மாதிரி இருக்கு. "என்னக்கா இது?"ன்னேன். வாயத் தொறந்தாக, பேச்சு வரல, ஏப்பம் வருது. நீளமா, ராகம் போட்டு. விட்டுட்டு, "ஏழா, கல்யாணத்துல உளுந்த வடையா போட்டீக?"ன்னாக. "ஆமா." "பாயசத்துல முந்திரிப்பருப்ப நல்லா வறுக்கல"ன்னாக.

பச்சத்தண்ணி படாத வகுறு மதினி!

ரெண்டு மூணு நாளுல தெருவுக்கே புரிஞ்சு போச்சு. அவுக குளிப்பாட்டுன ஆளு எதத் தின்னாலும் சத்து தின்னவனுக்கு, பொருமலு அக்காளுக்கு. ஒருத்தரும் ஆன்னு வாயப் பொளக்கல. குழாயில தண்ணி வந்தாத்தான் எங்க தெருவுக்கு ஆச்சரியம். நெலம புரிஞ்சதும் மனுசங்க என்ன செய்வாக? திம்பாக. தின்னாக பாருங்க, அப்பாடி! சக்கரவள்ளிக் கெழங்கு, மொச்சப்பயறு, பழைய குழம்புல ஊறுன போண்டா, நெய்யி உருக்கி ஊத்துன பருப்புச் சோறு. தின்ன கையோட மல்லாக்கப் படுத்து ஒறங்குனாக. பால்ச்சாமி சோடாக் கடையில ஈ மொய்க்குது. அந்த மனுசன் என்னைய ரோட்டுல நிறுத்தி, "ஏம்மா, தெருவே ஒரு பொம்பள வகுத்த வச்சுப் பொழைச்சா நான் எங்க போறது?"ன்னு கேட்டாரு. அவரப் பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. அவரு அப்பா காலத்துல இருந்து எங்க தெருவு ஏப்பத்துலதான் அந்தக் குடும்பம் வாழ்ந்துச்சு. அவரு தங்கச்சியச் சாத்தூர்ல குடுத்துருந்துச்சு, அவ ஒரு தனிக் கத, சேவு கடைக்காரன் மகனக் கட்டிக்கிட்டு சேவே ஆகாதுன்னு... சரி, அது கெடக்கட்டும்.

ஆனா மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல. எங்க தெருக்காரக மரியாதை தெரிஞ்சவுக. கறி எடுத்தா மொதல்ல அக்கா வீட்டு வாசல்ல வந்து சொல்லிட்டுத்தான் அடுப்புல ஏத்துவாக. "அக்கா, இன்னைக்கு எங்க வீட்டுல கோழி." "சரி, வெங்காயத்தக் கொஞ்சம் கொறைச்சுக்க." "அக்கா, மச்சான் வந்துருக்காரு, ஆட்டுக்குடலு." "நாளைக்கு வச்சுக்கக் கூடாதா? இன்னைக்கு மூணு வீட்டுல கருவாடு." இப்படி மொறை வச்சு நடந்துச்சு. பொண்ணு பாக்க வாரவுக படிப்பு, வேல எல்லாம் கேட்டுட்டு, போகும்போது மெதுவா, "மாப்பிள்ளைய ராஜக்கனியம்மா குளிப்பாட்டுனதுதான?"ன்னு கேப்பாக.

மூத்த தலைமுறைக்குத்தான் வகுத்தெரிச்சலு. அவுகளக் குளிப்பாட்டுனது அக்காவோட ஆத்தா. எங்க வீட்டுக்காரக இருக்காகளே, அவுகளுக்கு எப்பவும் போல ஊதும். வயசுல ரொம்ப எளைய தம்பிக்காரன் புரோட்டா தின்னுட்டுக் கொறட்ட விடுறான், இவுக ரெண்டு இட்டிலியத் தின்னுட்டு எந்திரிச்சு உக்காந்து முழிக்காக. பொறுக்க முடியாம ஒருநா துண்டக் கட்டிக்கிட்டு, தலைக்கு எண்ணெ வேற வச்சுக்கிட்டு, அக்கா வீட்டு வாசல்ல போயி நின்னாக. "ராஜக்கனி, என்னையும் ஒரு தரம் கால்ல போட்டு அந்த வார்த்தையச் சொல்லிரு." அக்கா மேலயும் கீழயும் பாத்துட்டு, "எங்காலு தாங்காது அண்ணாச்சி"ன்னாக. எனக்கு ஒரு மாசத்துக்கு வெளிய தல காட்ட முடியல.

இதுல இன்னொரு கூத்து, ஏப்பத்துல அவுகளுக்கு எல்லாம் தெரிஞ்சு போகும். யாரு வீட்டு மொளகாத்தூளு, யாரு கடை எண்ணெ, எல்லாம். பெருமாளுக்கு விரதம் இருக்குற சனிக்கெழம குழாயடியில நிக்காக, ஏவ்வுன்னு ஒண்ணு வருது. மொகம் கோணுது. "நெத்திலி"ங்காக. சுத்தி நிக்கிற பொம்பளைகள்ல பாதிப்பேரு கொடத்த எடுத்துட்டு வேகமா நடந்துட்டாக. துபாயில இருக்குற எங்க தெருப் பயலுக ராத்திரி ஆட்ட முழுசா வச்சுத் தின்னா அதுவும் வரும். அமெரிக்காவுல ஒருத்தன் இருக்கான், அவன் எங்களுக்கு விடியும்போதுதான் திம்பான். "ரொட்டி மேல எதையோ உருக்கி ஊத்தியிருக்கானுகடி, நூலு நூலா வருது"ன்னு அக்கா பல்லு வெளக்கும்போதே சொல்லுவாக. அதுனால அவுக வகுத்துக்கு ராவும் இல்ல பகலும் இல்ல. உள்ளூருக்காரன் ஒறங்குனா வெளிநாட்டுக்காரன் திங்கான். அவுக சாப்பாடு என்னன்னு கேளுங்க. அரைத் தம்ளரு கஞ்சித்தண்ணி. அதுக்கே எடம் பத்தல. படுத்தா புளிப்பு ஏறும், குனிஞ்சா நெஞ்சு எரியும், சேலைக் கொசுவத்தத் தொப்புளுக்குக் கீழ எங்கயோ சொருகிக்கிட்டு நிப்பாக.

ஒருநாளும் யாரையும் ஒரு சொல்லு சொன்னதில்ல. அதுதான் எங்களுக்கு வசதியாப் போச்சு.

இப்படி இருக்கையில அவுக மக சுகந்தி தூத்துக்குடியில இருந்து போன் பண்ணுனா. ஒரே மக. கட்டிக் குடுத்துப் பல வருசம் ஆகி, ரெண்டு தரம் நின்னு கலைஞ்சு, இனி இல்லன்னு ஆனதுக்கப்பறம் நின்னுருக்கு. ஏழாம் மாசம் அழைச்சுட்டு வரணும். தெருவே சந்தோசப்படுது, அக்கா மட்டும் முகம் செத்து உக்காந்துருக்காக. "என்னக்கா, ரொம்ப வலிக்குதா?"ன்னேன்.

"வலி கெடக்கு. ஏழா, எங்காலு எனக்குத் தெரிய மாட்டேங்குது."

"என்னக்கா சொல்றீக?"

"நீட்டி உக்காந்து பாத்தேன். வகுறுதான் தெரியுது. ஊர்ப் புள்ளையெல்லாம் கால்ல போட்டுக் குளிப்பாட்டுனேன். காலு தெரியாம எம்பேத்திய எதுல போடுவேன்?"

பேத்தின்னே முடிவு பண்ணிட்டாக பாருங்க. அந்த ஒரு வார்த்தையிலதான் எங்களுக்கு உறைச்சுச்சு. பஸ்ஸுல சீட்டுல அடங்க மாட்டாகன்னு மில்லுல பருப்பு ஏத்துற வண்டியில மெத்தையப் போட்டு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். குடல் டாக்டரு, அருளானந்தம்னு பேரு, அமைதியான மனுசன். வாயில ட்யூப விட்டு டிவியில பாக்கணும், முந்தின நா பொழுது சாஞ்சதுல இருந்து ஒண்ணும் சாப்புடாம வாங்கன்னுருந்தாரு. விட்டாரு. டிவியப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு.

"வெறும் வயித்தோட வரச் சொன்னேனே?"

"வெறும் வகுறுதான் சாமி."

"உள்ள புரோட்டா கெடக்கு."

"அது சவுந்தரராசு"ன்னேன்.

அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மாட்டிக்கிட்டு மறுபடி பாத்தாரு. பாத்துக்கிட்டே இருக்கோம், மேல இருந்து ஒரு வாழக்கா பஜ்ஜி மெதுவா வந்து இறங்குது, மெல்லாம முழுங்குனது, மொனை கூட ஒடையல. "இது யாரு?"ன்னாரு. "மணி என்ன சாமி?" "பதினொண்ணு." "அப்ப மில்லு டீக்கடை. இன்னாருன்னு சொல்ல முடியாது, ஒரே சட்டியில போடுறது." டாக்டரும் தன் வகுத்தத் தடவிக்கிட்டாரு. பெறகு மாத்திரச் சீட்டுல எழுத ஆரம்பிச்சாரு. பேரு போடுற எடத்துல என்ன எழுதுனாரு தெரியுமா? பருப்பு மில்லுத் தெரு.

"வைத்தியம் இவங்களுக்கு இல்லம்மா, தெருவுக்கு. எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடணும். மென்னு சாப்பிடணும். பொரிச்சது, பச்ச வெங்காயம், கலரு, சோடா கொறைக்கணும். படுக்குறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடியே ராத்திரிச் சாப்பாட்ட முடிச்சிரணும். தின்ன ஒடனே படுக்கக் கூடாது, கொஞ்சம் நடக்கணும். கட்டிலு தலமாட்டுக்குக் கீழ செங்கல்லு வைங்க. பெல்ட்ட இறுக்கிக் கட்டாதீங்க."

"யாரு சாமி, அக்காவா?"

"எல்லாரும்"னாரு. "இவங்க மாத்திரைய நான் எழுதுறேன். ஆனா வாய நீங்கதான் கட்டணும்."

வந்து சொன்னோம். முணுமுணுப்பு இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா சுகந்தி பேரச் சொன்னதும் எல்லாரும் தல குனிஞ்சுட்டாக. மறுநாளே தெருக்கோடியில கட்டிக்கிட்டு இருந்த வீட்டுல செங்கல்லு ஒண்ணு மிச்சமில்ல, எல்லாம் கட்டிலுக்கு அடியில. பொழுது சாயுற நேரத்துலயே அடுப்ப அணைச்சுட்டு ஆம்பள பொம்பள அம்புட்டுப் பேரும் தெருவுல எறங்கி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்குறாக, வரிசையா, கைய வீசி, யாரும் யார் கூடயும் பேசாம. போலீஸ்காரக ஜீப்புல வந்து எறங்கி, "என்ன கோரிக்கை?"ன்னு கேட்டாக. "செரிமானம்"னு எங்க வீட்டுக்காரக சொன்னாக. அவுகளுக்கு இதுல சம்பந்தமே இல்ல, இருந்தாலும் எல்லாரும் நடக்கும்போது தான் மட்டும் உக்காந்துருக்கக் கூடாதுன்னு முன்வரிசையில நடந்தாக. அப்ப ஏது வாட்ஸப்பு? முக்குல எஸ்டிடி பூத்துல வரிசையா நின்னு துபாய்க்கும் அமெரிக்காவுக்கும் போனப் போட்டு, "ஏலே, மென்னு தின்னுலே, அக்காளுக்கு மக மாசமா இருக்கா"ன்னு ஆத்தாமாரு கத்துறது மில்லு வரைக்கும் கேக்கும். அந்த அமெரிக்காக்காரன் நல்ல பய, அவன் கஞ்சிக்கே மாறிட்டான். அங்க அவன் கூட வேல பாக்குறவுக அவனுக்கு ஏதோ பெரிய சீக்குன்னு நெனச்சு பூங்கொத்து குடுத்தாகளாம்.

வகுறு எறங்குச்சு மதினி. சுகந்தி வந்து சேந்த அன்னைக்கு அக்கா காலை நீட்டி உக்காந்துட்டு, "தெரியுதுடி, பெருவிரலு ரெண்டும் தெரியுது!"ன்னு கத்துனாக. தெருவே ஓடியாந்து பெருவிரலப் பாத்துட்டுப் போச்சு. அடுத்த வாரம் கணுக்காலு தெரிஞ்சுச்சு.

ரெண்டு மாசம் இப்படியே போச்சு, அப்பப் பாத்து பங்குனிப் பொங்கலு. எங்க மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிட்டா ஊரு எல்லையத் தாண்டக் கூடாதுன்னு நேமம் உண்டு, தாண்டுனா அந்த நேர்த்தி கணக்குல இல்லம்பாக. பொங்கலும் முடிஞ்சுச்சு, மறுநா ஊரே கறிச்சோறு தின்னுச்சு, எங்க தெரு மட்டும் மோர்ச்சோறு. அந்தச் சவுந்தரராசு என்ன பண்ணுனான்? எல்லையத் தாண்டுனா நேர்த்தி கணக்குல இல்லன்னா, எல்லையத் தாண்டித் தின்னது மட்டும் எப்படிக் கணக்குல வரும்னு யோசிச்சிருக்கான். எடை போடுறவன், இப்படித்தான் கணக்குப் பாப்பான். பஸ்ஸ ஏறி எல்லைக்கல்லத் தாண்டி, ரோட்டோரக் கடையில உக்காந்து, வாயக் கட்டிக் கெடந்த அத்தன நாளைக்கும் சேத்துத் தின்னுருக்கான். புரோட்டா, காடை, ஆம்லெட்டு, மேல ரெண்டு பாட்டிலு கலரு.

இங்க அக்கா சுகந்திக்குத் தல பின்னிக்கிட்டு இருந்தவுக அப்படியே பின்னால சாஞ்சுட்டாக. கண்ணு முன்னால வகுறு ஏறுது. கணுக்காலு போச்சு, பெருவிரலு போச்சு. ஜாக்கெட்டு ஊக்கு தெறிச்சு சுவத்துல பட்டுச்சு. நெறமாசக்காரி மக ஒரு பக்கம், மகள விடப் பெரிய வகுத்தோட ஆத்தா ஒரு பக்கம். அவன் பல்லக் குத்திக்கிட்டு வந்து எறங்குறான், நான் வாசல்லயே மறிச்சேன்.

"எங்கலே போன?"

"எல்லைக்கு அங்கிட்டுத்தான் மதினி தின்னேன்!"

"வகுத்த எங்கலே வச்சுட்டுப் போன? எல்லைக்கு இங்கிட்டா?"

அக்கா வீட்டு வாசப்படியில போயி உக்காந்தவன்தான், எந்திரிக்கவே இல்ல. உள்ள இருந்து அக்கா, "காடையில உப்பு கூட, பாவம், தண்ணி குடுங்க அவனுக்கு"ங்காக. அவன் அழுதுட்டான்.

மறுநா காலையில சுகந்தி முருங்கக்கீர ஆஞ்சுக்கிட்டு இருந்தா. நான் பக்கத்துல இருக்கேன். அடுப்படியில இருந்து அக்கா, "ஆத்தா!"ன்னு ஒரு கத்து கத்துனாக. ஓடிப் போயிப் பாத்தா இடுப்பப் பிடிச்சுக்கிட்டு சுவத்துல தல முட்டுறாக. இது புரோட்டா வலி இல்ல மதினி, பெத்தவளுக்குத் தெரியாதா? திரும்பிப் பாத்தா சுகந்திக்குப் பனிக்கொடம் ஒடைஞ்சு தண்ணி ஓடுது, அவ பாட்டுக்குக் கீரைய ஆஞ்சுக்கிட்டு, "சித்தி, பாய் நனையுது, எங்கருந்து தண்ணி வருது?"ங்கா. மகளுக்கும் அவுகதான குளிப்பாட்டுனது? "ஓ வகுத்து நோவு எனக்கு வரட்டும்"னு சொன்னாகள்ல? நோவுன்னா எல்லா நோவும்தான். வந்துருச்சு.

அதே பருப்பு வண்டியில ரெண்டு பேரையும் ஏத்துனோம். வண்டிய ஓட்டுனது சவுந்தரராசு, அழுதுக்கிட்டே ஓட்டுனான். ஆஸ்பத்திரியில நர்ஸம்மா ரெண்டு வகுத்தையும் மாறி மாறிப் பாத்துட்டு, "பிரசவம் யாருக்கு?"ன்னு கேட்டாக. "பிள்ள இவளுக்கு, வலி அவுகளுக்கு"ன்னேன். அந்தம்மா எத்தனையோ பாத்தவுக, ஒண்ணும் கேக்காம ரெண்டு கட்டில இழுத்து ஒட்டிப் போட்டாக. டாக்டரம்மா சுகந்தியப் பாத்து, "முக்கும்மா, முக்கு"ங்காக. அவ திரும்பி, "அம்மா, முக்கச் சொல்றாக"ங்கா. அக்கா அங்க முக்குறாக, புள்ள இங்க எறங்குது. அவுக மூச்சு வாங்குனா புள்ள நிக்குது. "எம்மா, கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு முக்கும்மா"ன்னு மக ஆத்தா கையப் பிடிச்சுத் தைரியம் சொல்றா.

கடைசியா ஒண்ணு முக்குனாக பாருங்க. ஒரு ஏப்பம். நான் பொறந்ததுல இருந்து அப்படி ஒண்ணு கேட்டதில்ல. ஜன்னலு கதவெல்லாம் அடிச்சுக்குது, சுவத்துல காலண்டரு படபடன்னு பறக்குது, அது நிக்கவே மாட்டேங்குது. சவுந்தரராசு கல்யாண வடையில இருந்து ஆரம்பிச்சு, பாயசம், மொச்ச, நெத்திலி, துபாயி ஆடு, அமெரிக்கா ரொட்டி, எல்லை தாண்டுன காடை வரைக்கும் ஒண்ணொண்ணா வாசன வருது, ஆஸ்பத்திரியில இருந்த நோயாளிகளுக்கெல்லாம் பசி எடுத்து எந்திரிச்சு உக்காந்துட்டாக. அந்த ஏப்பம் ஓய்ஞ்ச எடத்துல புள்ளையோட அழுக கேட்டுச்சு. பொம்பளப் புள்ள.

திரும்பிப் பாத்தா அக்கா வகுறு காத்துப் போன பை மாதிரி ஒட்டிக் கெடக்கு. அதே நேரத்துல வாசல்ல நின்ன சவுந்தரராசு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு, "மதினி, எரியுது!"ன்னான். தெருவுலயும் அப்படித்தானாம், அம்புட்டுப் பேருக்கும் அவுக அவுக வகுறு அவுக அவுகளுக்கே திரும்பிருச்சு. பால்ச்சாமி கடையில அன்னைக்கு சோடா தீந்து, வெறும் பாட்டில மோந்துட்டுப் போனவுக உண்டு.

இனிமேத்தான் மதினி விசயமே. புள்ளைக்கு மொதக் குளியலு. அக்கா பலகையில உக்காந்து காலை நீட்டுறாக, முழங்காலுல இருந்து நகம் வரைக்கும் பளிச்சுன்னு தெரியுது. கண்ணுல தண்ணி அவுகளுக்கு. முத்தத்துல சேலையக் கட்டி மறைச்சு தெருப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் சுத்தி நிக்கோம், சேலைக்கு அங்கிட்டு ஆம்பளைக. எண்ணெ தேச்சாச்சு, தண்ணி ஊத்தியாச்சு. புள்ள வீல் வீல்னு கத்துது. காலை மடக்கி வகுத்தோட ஒட்டிக்கிட்டு, மூஞ்சி செவந்து, வகுறு கல்லு மாதிரி இருக்கு, காத்து அடைச்சுக்கிட்டு. மல்லாக்கப் போட்டு உள்ளங்கைய வகுத்துல வச்சாக அக்கா. கை வட்டம் போடுது. வாய் தொறக்குது.

"அம்மா, சொல்லாத"ன்னா சுகந்தி. "ஒன்னையக் கும்புடுறேன். அழுதா அழட்டும். மறுபடி ஆரம்பிக்காத."

கை நின்னுச்சு. அக்கா புள்ளையப் பாக்காக. புள்ள துடிக்குது. ஒரு வார்த்தை சொன்னா அடங்கிரும், அவுகளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். சொன்னா இந்தப் புள்ள ஆயுசுக்கும் திங்குறது, பின்னால இது பெறப் போற பிரசவம், எல்லாம் அந்த வயசான வகுத்துக்குத்தான். அக்கா கை மறுபடி வட்டம் போட ஆரம்பிக்குது. "எப்படிடீ பாத்துக்கிட்டு இருப்பேன்?"ங்காக. சொல்லப் போறாக. ஓ வகுத்துப்...

அப்பச் சேலைக்கு அங்கிட்டுல இருந்து ஒரு கரகரத்த கொரலு, "ஓ வகுத்துப் பொருமலு எனக்கு வரட்டும்டீ!"ன்னு. சவுந்தரராசு! குளிப்பாட்டுற எடத்துல ஆம்பள கொரலு குடுக்கலாமான்னு ஒருத்தியும் கேக்கல. அவன் பொண்டாட்டி என் பக்கத்துல நின்னவ, "எனக்கும் வரட்டும்"னா. பெறகு நான் சொன்னேன். பெறகு அந்தக் கோடி வீட்டுக்காரி, பெறகு எங்க வீட்டுக்காரக, பெறகு பால்ச்சாமி கூட, பெறகு யாரு யாருன்னு தெரியல, தெருவே ஒரே வாயாச் சொல்லுச்சு: "ஓ வகுத்து நோவு எங்களுக்கு வரட்டும், நீ தின்னது ஒனக்கு ஒடம்பா ஒட்டட்டும், மிச்சமெல்லாம் எங்களுக்கு வரட்டும்." எல்லாரும் சொல்லி முடிச்சதுக்கப்பறம் அக்கா மெதுவா, "அப்ப எனக்கும் கொஞ்சம்"னாக.

புள்ள டர்ருன்னு ஒண்ண விட்டுட்டுச் சிரிச்சுச்சு. தெரு முழுக்க ஆளுக்கொரு சின்ன ஏப்பம். அம்புட்டுதான், கடுகத்தண்டி. அத்தன பேரு பங்கு போட்டா ஒரு புள்ள வகுத்துல என்ன பெரிய பொருமலு இருந்துரப் போகுது? எங்க வீட்டுக்காரகளுக்கு அன்னைக்குத்தான் முகத்துல ஒரு தெளிச்சி. ஒரு வழியா அவுகளும் சேந்துட்டாகள்ல.

தாரிணின்னு பேரு. இப்ப மெட்ராசுல ஹாஸ்டல்ல இருந்து படிக்கா. அக்கா அந்தா நாலாவது வீட்டுல நல்லா வடை தின்னுக்கிட்டு இருக்காக, வேணும்னா போயிப் பாருங்க, உங்க கூட காலை நீட்டி உக்காந்து பேசுவாக. புள்ள எதத் தின்னாலும் எங்களுக்குத் தெரியும், ஒரு சின்ன...

ஏவ்.

பாத்தீகளா? பொறுங்க, பேசாதீக. கேக்குதா, எதுத்த வீட்டுலயும் ஒண்ணு. சவுந்தரராசு வீட்டுலயும். அந்தா அக்காவும் விட்டுட்டாக. சிரிக்காதீக மதினி, இது சிரிக்கிற ஏப்பம் இல்ல. ஒரு வாசனையும் இல்ல இதுல. புளிப்பு மட்டும் வருது, வெறும் வகுத்துப் புளிப்பு. மத்தியானம் தாண்டிருச்சு, தாரிணி இன்னும் ஒண்ணும் சாப்புடல.

உங்க மக எங்க மதினி? ஏ வசந்தா! வாசல்ல என்னடி பராக்குப் பாத்துக்கிட்டு நிக்க? அந்தப் போன உள்ள கொண்டா!